ஆணி இல்லாத தண்டவாளம்

நான் தச்சன். முப்பது வருஷமாக ஆணியும் சுத்தியலுமாகப் பிழைக்கிறவன். ஆனாலும் எங்கள் வீட்டில் எதை உறுதியான வேலை என்று காட்டுவேன் என்றால், ஓர் ஆணிகூட இல்லாத ஒன்றைத்தான். செய்தது நானல்ல, என் மனைவி. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குச் செருப்புப் பட்டறையில் வேலை. மேல் தோலையும் அடிப்பாகத்தையும் ஒட்டுகிற மேசை அவளுடையது. அங்கே எல்லோருக்கும் அவள் 'பசையக்கா'. அவள் ஒட்டிய ஜோடி வாயைப் பிளந்துகொண்டு திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

பட்டறைக்கு எதிரே பொம்மை ரயில் விற்கிற கடை ஒன்று உண்டு. பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில், கண்ணாடிக்குள் சுற்றுகிற ரயிலைப் பார்த்துப் பார்த்து, நாற்பத்தாறு வயதில் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு நாள் ஓர் இன்ஜின், மூன்று பெட்டி, ஒரு சுற்றுக்கான தண்டவாளம் என்று வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இந்த வயசுல பொம்மையா?"

"உங்களுக்கு எதுக்கு நாப்பது உளி? நான் கேட்டேனா?"

சுமையை வாங்கி உள்ளே வைத்தேன்.

தரையில் ஓட்டினால் தலைமுடி சக்கரத்தில் சுற்றிக்கொள்கிறது என்று, ஒட்டுப்பலகையில் நானே ஒரு மேசை செய்து கொடுத்தேன். அதில் ரயில் ஓடியது எங்களுக்கு ஆனந்தம், கீழ்வீட்டு நர்ஸுக்கு நரகம். அந்தப் பெண் இரவு வேலை முடித்துக் காலையில்தான் கண்ணை மூடும். என் மனைவிக்கோ மதியத்துக்கு மேல் வேலை, காலையில்தான் ஓய்வு. பலகை அதிர்ந்து, அத்தனை சத்தமும் மேசைக்கால் வழியாக அந்தப் பெண்ணின் தலைமாட்டில் இறங்கியிருக்கிறது. ஒரு வாரம் பொறுத்துவிட்டுக் குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டது. தப்பென்று எப்படிச் சொல்வது?

செயலாளர் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு ரயிலைப் பார்த்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நான் கீழ் வீட்டு ஹால்ல உக்காந்து கேப்பேன். சத்தம் வந்தா மேசை இந்தக் கட்டடத்துலயே இருக்கக் கூடாது."

அவர் போனதும் அவள் இன்ஜினைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். அதைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. "வா, ரயில் கடைக்கே போய்ச் சத்தத்துக்கு வழி கேக்கலாம்" என்று நானே கிளப்பினேன்.

கடைக்காரர் இரண்டு வகை எடுத்துப் போட்டார்.

"புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதாம்மா நல்லது. அடியில ஜல்லி மேடு சேந்தே வருது. டக்குனு கோத்துக்கலாம், டக்குனு கழட்டிக்கலாம்."

அவள் அதைத் திருப்பிப் பார்த்து, நகத்தால் தட்டினாள். "உள்ள ஒண்ணுமே இல்லையே. காலி டப்பா மாதிரி சத்தம் போடுமே?"

"அப்போ இது. வெறும் தண்டவாளம், ஒரு மீட்டர் நீளம், இஷ்டத்துக்கு வளைக்கலாம். அடியில தக்கை ஒட்டி, அது மேல இதை ஒட்டணும். ஆனா உங்களுக்கு வேண்டாம்மா, கஷ்டம். வளைவு கோணிச்சுன்னா வண்டி கவுந்துடும்."

"வளையுறதை ஒட்டுறதுதாங்க இருபது வருஷமா என் வேலை."

எனக்கு அங்கேயே விசிலடிக்கத் தோன்றியது. துருப்பிடிக்காத நிக்கல் கலப்புத் தண்டவாளமாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

செருப்புக்கு உள்ளே வைக்கிற தக்கைத் தகட்டில் மீந்த துண்டுகளைப் பட்டறை முதலாளி கொடுத்தார். முழு அகலத்தில் வைத்தால் தக்கை வளைவில் மடங்கி எழும்பும். அதனால் நீளவாக்கில் இரண்டாகக் கீறி, பலகையில் போட்ட நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக ஒட்டினாள். ஓரங்களைச் சரிவாகச் சீவினாள். என் மரப்பசையைத் தொடவேயில்லை. "அது காய்ஞ்சா கல்லு. சத்தத்தைக் கடத்தும்" என்று, பட்டறையில் புழங்குகிற ரப்பர் பால் பசையைத் தடவினாள். தண்டவாளத்தையும் அதிலேயே ஒட்டி, மேலே செங்கல் பாரம் வைத்தாள். மேசையின் நாலு காலுக்கும் அடியில் குதிகால் ரப்பர். மேசைக்கே செருப்புப் போட்ட பெண் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

புதன்கிழமை மாலை அவள் வேலைக்குப் போயிருந்தாள். நான் செங்கல்லை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் வெறும் பசையில் நிற்கிறது! என் கை சும்மா இருக்குமா? தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளில் துளை போட்டு, பலகை வரை இறங்குகிற மாதிரி ஐம்பத்தெட்டு ஆணி அடித்தேன். பார்த்தால் பூரித்துப்போவாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ரயிலை விட்டாள். பழைய சத்தம், அப்படியே. அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. தரையில் படுத்து மேசைக்காலில் காதை வைத்தாள். எழுந்து தண்டவாளத்தைத் தடவினாள். விரல் ஆணித்தலையில் நின்றது.

"என்னங்க இது?"

"உறுதிக்காக..."

"ரயில் சத்தம் பலகைக்குப் போகக் கூடாதுன்னுதானே நடுவுல தக்கையை வச்சேன்? நீங்க ஐம்பத்தெட்டு இடத்துல வழி போட்டுக் குடுத்திருக்கீங்க!"

அவள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பட்டறைக் குறடால் ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினாள். உதவிக்குப் போனேன். "நீங்க தள்ளி இருங்க, அதுவே பெரிய உதவி" என்றாள். பொழுது சாய்வதற்குள் பிடுங்கி, தளர்ந்த இடத்தையெல்லாம் மறுபடி ஒட்டி, பாரம் ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. செயலாளர் கீழே ஹாலில், நர்ஸ் உள் அறைக் கட்டிலில். இவள் மேலே ரயிலை ஓட்டுகிற குமிழைத் திருகினாள். ரயில் போனது, வந்தது, போனது. அரை மணி நேரம் ஆயிற்று. போனும் இல்லை, ஆளும் இல்லை. அவள் ரயிலை நிறுத்தவில்லை. "போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

கதவைத் திறந்த நர்ஸுக்குக் கண்ணெல்லாம் சிவப்பு. தூக்கத்தைக் கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

"ரயில் எப்போ விடுவீங்கன்னு காத்திருந்து தூங்கிட்டேன் அண்ணே. இந்தக் குறட்டைலதான் முழிச்சேன்."

ஹால் நாற்காலியில் செயலாளர், தாடை நெஞ்சில் இடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அரை மணி நேரமா ரயில் ஓடிக்கிட்டுத்தாம்மா இருக்கு" என்றேன். அந்தப் பெண் கூரையை அண்ணாந்து பார்த்தது. பேச்சுச் சத்தத்தில் செயலாளர் விழித்துக்கொண்டார்.

"ம்... ஆரம்பிக்கச் சொல்லுங்க!"

மாடிப்படியை நான் அப்படித் தாவித் தாவி ஏறினது என் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான். விஷயத்தைச் சொன்னதும் அவள் துள்ளவில்லை. பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "ஒட்டு நின்னுடுச்சு" என்றாள். கண் மட்டும் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்?

இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் மேசைக்குத்தான் கூட்டிப்போவேன். "எங்க, ஒரு ஆணியைக் கண்டுபிடிங்க பாப்போம்!" என்பேன். அவர்களும் குனிந்து குனிந்து தேடுவார்கள்.

உள்ளே இருந்து அவள் குரல் வரும். "அந்த ஐம்பத்தெட்டு ஓட்டையையும் காட்டுங்க!"

காட்டுவேன். அவள் பெருமையைச் சொல்ல வந்தவன் அதை எப்படி மறைக்க முடியும்?