மேடம் எர்லிண்டாவும் ஆறு செல்போன்களும்

பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் எனக்கு ஆறவில்லை. புதன்கிழமைதோறும் பாசியானா அக்கா தன் கடையில் எனக்கென்று எடுத்து வைக்கும் சூடான அரிசிப் பணியாரத்தை, எங்கள் ஊர் பிபிங்காவை, மேடம் எர்லிண்டா மக்பனுவா தின்றுவிட்டார்.

எர்லிண்டா எங்கள் இலோயிலோ ஊர்க் கிடங்கில் பதினைந்து வருஷம் பில் போட்டவர். ஐந்தடிகூட இல்லை. கையில் எப்போதும் ஒரு விசிறி. கடை கடையாகப் போய் சோப்பும் பிஸ்கட்டும் விற்கும் எங்கள் ஆறு பேருக்கும் திடீரென்று அவரை மேலாளராக்கினார்கள். மூன்று மாதம் சோதனை. ஆர்டரை நாங்கள் நோட்டில் எழுதாமல் செல்போனில் பதிய வேண்டும். நடக்காவிட்டால் அவர் பழைய பில் மேசைக்கே போக வேண்டியதுதான். இது எங்களுக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் மேலாளர் முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. புருவத்தைத் தூக்கி, "சரிங்க மேடம்" என்போம். அதோடு சரி. ஒரு நாள் காலை மேடம் எங்களில் மூத்தவரைப் பிடித்தார்.

"டுலோ அண்ணே, நேத்து ஒரு ஆர்டர்கூட வரலியே?"

"சிக்னல் இல்லீங்க மேடம்."

"கடைவீதியிலயா?"

"அங்கதான் ரொம்ப மோசம்."

"அங்க நின்னுதானே வீட்டுக்கு நாப்பது நிமிஷம் பேசியிருக்கீங்க?"

எங்கள் ஆறு பேரில் வாயாடியான ரமிரோ குறுக்கே புகுந்தான். "அண்ணி குரலுக்கு சிக்னலே வேணாம் மேடம்."

எல்லோரும் சிரித்தோம். மேடமும்தான்.

அடுத்ததாக, யார் எந்தக் கடை வாசலில் நிற்கிறோம் என்று செல்போன் அலுவலகத்துக்குக் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. நாங்கள் விடுவோமா? ஆறு செல்போன்களையும் ஒரு கூடையில் போட்டு, ட்ரைசைக்கிள் ஓட்டும் பெர்தோவிடம் கொடுத்து, "கடை கடையா சுத்து" என்று அனுப்பினோம். நாங்கள் மீன் சுட்டுத் தின்ன உட்கார்ந்துவிட்டோம்.

அது திருவிழா வாரம். பெர்தோவோ சேவல்சண்டைப் பைத்தியம். அலுவலகத் திரையில் ஆறு பேரும் மூன்று மணி நேரமாகச் சேவல்சண்டைக் கொட்டகைக்குள் நின்றோம்.

மேடம் நேரே அங்கே போயிருக்கிறார். திட்டவில்லையாம். கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "வண்டிய எடு" என்றாராம். எங்கள் பெரிய கடைகள் அத்தனையையும் அன்று மதியமே சுற்றி, ஆர்டரெல்லாம் அவரே பதிந்துவிட்டார்.

மறுநாள் பாசியானா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு மாசமா நீல சோப்பு கேக்குறேன், நோட்டுல எழுதி எங்கடா வச்சே? உங்க மேடம் சொல்லி இன்னிக்குக் காலையிலயே வந்துருச்சு."

"என் பிபிங்கா எங்கக்கா?"

"பசியோட வந்தாங்க, குடுத்துட்டேன். இனி அவங்களே வரட்டும்."

மற்ற ஐந்து பேருக்கும் இதே கதைதான். ஆளுக்கு இருபது வருஷப் பழக்கம், ஒரே மதியத்தில் கை மாறப் பார்த்தது. அடுத்த நாள் கிடங்கு திறக்கும் முன்பே வாசலில் நின்றோம். மேடம் செல்போன்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தார்.

"சிக்னல் வந்துருச்சா?"

ரமிரோ தன் செல்போனை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் கடைவீதிக்கு ஓடினான்.

ஒன்பது வருஷம் எங்களை மேய்த்தார். பிறகு கடலுக்கு அக்கரையில் பகோலோட் கிளைக்கு மாற்றினார்கள். படகுத்துறையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போன என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"அங்க ஒன்பது பேர், எனக்கு மறுபடியும் மூணு மாசம் சோதனை. நீங்க ஒரு மாசம் வந்து, புது ஆள் மாதிரி அவங்களோட சேந்துக்கிட்டு எனக்கு எதிரா திட்டம் போடுங்கண்ணே. சாயங்காலம் வந்து என்கிட்ட சொல்லிருங்க."