உப்புக் குடித்த பிரஷ்

1

காலையில் சலூன் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். கண்ணாடிக்கு முன்னால் மேசையில் தண்ணீர் வட்டமாக நின்றது. அதன் நடுவில் மீராலெப்பை ஹாஜியார் கொண்டுவந்த சவரப் பிரஷ் நின்றது. முதல் நாள் மாலை அவர் அதை என்னிடம் தந்தபோது காய்ந்துதான் இருந்தது. கடையைப் பூட்டியவன் நான். திறப்பு என் சாரன் மடியில் இருந்தது. கூரையில் ஒழுக்கு இல்லை. பக்கத்தில் கிடந்த என் பிரஷ்களில் ஈரம் இல்லை. இது மட்டும் மயிரெல்லாம் நனைந்து, யாரோ இப்போதுதான் முகம் வழித்துவிட்டு வைத்துப் போனது போல நின்றது.

நான் பயந்தேன். யுத்தத்தில் செல்லடி விழுந்த நாட்களில்கூட கல்முனையில் கடை திறந்தவன் நான். அந்தக் காலையில் வெளியே வந்து வீதியில் நின்றுகொண்டேன்.

இப்போது சலூன் வைத்திருக்கும் பொடியன்மார் எனக்குப் போனில் பிரஷ் படம் அனுப்புகிறார்கள். "நானா, இது நல்ல பிரஷ்ஷா?" என்று கேட்கிறார்கள். படத்தில் இருப்பது கைப்பிடி. கைப்பிடியால் யாராவது நுரை அடிப்பானா? கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

2

மீராலெப்பை ஹாஜியார் சவூதியில் ஒரு பெரிய ஹோட்டலில் நெடுங்காலம் வேலை செய்தவர். அங்கே தங்குகிறவர்கள் விட்டுப்போனது, கடையில் வாங்கியது என்று பிரஷ் சேர்த்தார். சாய்ந்தமருதுக் கடற்கரையோரம் இருந்த அவருடைய மாடிவீட்டில், மண்டபத்தில் கண்ணாடி அலுமாரி. அதற்குள் யானைத் தந்த நிறக் கைப்பிடி, பித்தளைக் கைப்பிடி, நடுவில் கறுப்புக் கோடு ஓடும் மயிர். பார்க்க அழகு. ஒன்றிலும் தண்ணீர் பட்டதில்லை. ஹாஜியார் முகம் வழிக்க என் கடைக்குத்தான் வருவார்.

ஒருநாள் கேட்டேன்: "இவ்வளவு பிரஷ் வெச்சிக்கிட்டு ஏன் ஹாஜியார் என்ட பழசுக்கு முகத்தக் குடுக்கிறீங்க?"

"அதுல எது பண்டி மயிர், எது நல்ல மயிர் எண்டு ஆருக்குத் தெரியும்? பாக்கிறது ஹறாம் இல்லதானே. முகத்துல வெக்கத்தான் ஏலா."

அவருக்கு ஒரே மகள், ஜெஸீமா. மனைவி எப்போதோ மௌத்தாகிவிட்டார். தன் தங்கையின் மகன் நிஸாமையே மகளுக்கு முடித்து வைத்தார். எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தார். ஹாஜியாருக்கு நிஸாம் மருமகன் இல்லை, மகன்.

நிஸாம் தானே வழித்துக்கொள்கிறவர். அவருக்கு நான் ஒரு பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். குதிரை மயிர், மரக் கைப்பிடி. வடிவு கிடையாது. ஆனால் மூன்று சுற்றில் முகம் நிறைய நுரை தரும். ஹாஜியார் அதைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, சட்டி கழுவுற தும்பா?" என்றாராம்.

"மாமா, உங்கட பிரஷ்ஷெல்லாம் மாப்பிள்ளைமார். உடுத்திக்கிட்டு இரிக்கும். என்டது கூலிக்காரன்" என்றாராம் நிஸாம்.

சுனாமி வந்த காலையில் நிஸாம் கிணற்றடியில் முகம் வழித்துக்கொண்டிருந்தார். ஹாஜியாரும் ஜெஸீமாவும் மாடியில். ஹாஜியார் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "நிஸாம், ஏறு" என்று கத்தினார். நிஸாம் நிமிர்ந்து பார்த்தார். ஒரு பக்கம் நுரை, மறுபக்கம் வெறும் முகம். அவ்வளவுதான். பிறகு கிணறும் இல்லை, நிஸாமும் இல்லை. ஜனாஸாவாகப் புதைக்க உடல்கூடக் கிடைக்கவில்லை.

தண்ணீர் வற்றிய பிறகு ஹாஜியார் மணலைக் கிளறிக் கிளறி அலுமாரிப் பிரஷ்களைப் பொறுக்கினார். ஊரே ஜனாஸா பொறுக்கிய நாட்கள் அவை. எனக்கு அன்று வந்த ஆத்திரத்தில் அவரை அடித்திருப்பேன். மருமகனைத் தேடப் போய்த்தான் அவர் மணலைக் கிளறினார் என்று பிறகுதான் தெரிந்தது. கிடைத்த பிரஷ்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, சீவி, புது அலுமாரி செய்து அடுக்கினார். நிஸாமின் பிரஷ்ஷும் கிணறு இருந்த இடத்துச் சேற்றில் கிடைத்தது. அதை மட்டும் கழுவவில்லை. "அவன்ட கை பட்டது" என்று சொல்லி, சேற்றைத் துணியால் துடைத்துவிட்டு மாடி ஜன்னலில் வைத்தார்.

அடுத்த மாரி மழை தொடங்கியதும் அந்தப் பிரஷ் விடியற்காலையில் நனைய ஆரம்பித்தது.

3

"வாறான்" என்றார் ஹாஜியார். "அரவாசி முகம் வழிக்காமப் போனவன். மிச்சத்த வழிக்க வாறான்."

சுபஹு தொழப் போகுமுன் ஜன்னலடியில் நின்று சலாம் சொல்வார். பிரஷ் நனைந்திருந்தால் அன்றைக்கு முகத்தில் ஒரு தெளிவு. ஊரில் ஒருவன் ஜின் என்றான். இன்னொருவன் ஓதின தண்ணீர் கொண்டுவந்தான். என் கதிரையில் உட்கார்ந்து இதையே பேசிச் சிரித்த ஒருவனை நுரையோடு எழுப்பி வீதிக்கு அனுப்பினேன். கதைப்பதற்கு எல்லோருக்கும் வாய் இருந்தது. ஜெஸீமா என்ன செய்வாள் என்று ஒருவனும் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்தது. பாதைகள் திறந்தன. ஹாஜியார் நிஸாமின் படத்தை எடுத்துக்கொண்டு வடக்கே முகாம் முகாமாகப் போனார். கடல் எடுத்தவனை வன்னியில் தேடினார். வெறுங்கையோடு திரும்பினார். அந்த மாரியில் பாலமுனை ஆசிரியர் ஒருவர் ஜெஸீமாவைக் கேட்டு ஆள் அனுப்பினார். அவருடைய மனைவியும் கடலோடு போனவள். ஜெஸீமாவுக்குச் சம்மதம். ஆனால் நிக்காஹ் செய்து கொடுக்கும் பொறுப்புள்ள வலீ வாப்பாதான். அவர் வாய் திறக்காமல் ஒன்றும் நடக்காது.

"புருசன் வந்து போற பொம்புளைய எப்பிடி இன்னொருத்தனுக்குக் குடுக்கிற? அது ஹறாம் இல்லியா?" என்று கல்யாண வழக்கு விசாரிக்கும் காதியாரிடமே கேட்டார். அத்தாட்சி கொண்டு வாருங்கள் என்றார் காதியார். அத்தாட்சிக்குத்தான் ஹாஜியார் என்னிடம் வந்தார்.

"டேய், உனக்கு மயிர் தெரியும். இது பாவிக்கிற பிரஷ் எண்டு காதியாருக்கு முன்னால வந்து சொல்லு. இண்டைக்கு இரா உன்ட கடையிலயே வெச்சிப் பாரு."

"எல்லா நாளும் நனையுதா ஹாஜியார்?"

"கச்சான் காத்துல எல்லாம் காயிற நாள்ல வாறது குறைவு. மாரியிலதான் ஒவ்வொரு நாளும் வாறான்."

ஜெஸீமா கூட வந்திருந்தாள். கடைக்குள் வராமல் படியோரம் நின்றாள். வாப்பா சந்தி வரைக்கும் நடந்த பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"காக்கா, அவர் இரிந்தா இரிக்கார் எண்டு சொல்லுங்க. இல்லாட்டி இல்ல எண்டு சொல்லுங்க. நான் பொஞ்சாதியும் இல்ல, கைம்பெண்ணும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல இனி இரிக்க ஏலா."

"நீங்க என்ன நினைக்கிறீங்க தங்கச்சி?"

"எனக்கும் பயமாத்தான் இரிக்கு. சில நாள் மேல் மாடியில தண்ணி சொட்டி, ஆரோ முகம் கழுவுற மாதிரிச் சத்தம் கேக்குது."

மறுநாள் காலையில்தான் மேசையில் தண்ணீர் நின்றது.

4

வீதியில் நின்றபோது எதிரே தேநீர்க் கடைக்காரன் ரொட்டி மாவுக்கு உப்புப் போத்தலைத் தட்டிக்கொண்டிருந்தான். மாரிக் குளிரில் உப்பு கசிந்து கட்டிப்பட்டு வெளியே வர மறுத்தது. "கச்சானில் குறைவு" என்று ஹாஜியார் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. உள்ளே போய்ப் பிரஷ்ஷை எடுத்து நாக்கில் வைத்தேன். கடல்.

அலுமாரிப் பிரஷ்களைக் கழுவினார், உப்பு போய்விட்டது. இதைக் கழுவவில்லை. மயிர் குடித்த உப்பு அப்படியே இருந்து, காற்றில் ஈரம் கூடிய நாளெல்லாம் தண்ணீர் இழுத்தது.

பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். அவருக்கும் ஜெஸீமாவுக்கும் முன்னால் விஷயத்தைச் சொன்னேன்.

"பொய்" என்றார்.

"அப்ப நல்ல தண்ணியில அலசுவம். நாளைக்கும் நனைஞ்சா நான் காதியார்ட்ட வாறன்."

ஜெஸீமா ஒரு கோப்பையில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து வாப்பாவின் முன்னால் வைத்தாள். "வாப்பா" என்று மட்டும் சொன்னாள். அவர் சரியென்று தலையை அசைத்தார்.

பிரஷ்ஷை அமிழ்த்தி இரண்டு சுற்றுச் சுற்றினேன். முதலில் கலங்கல் வந்தது, பிறகு மணல். பிறகு வெள்ளையாக நுரை எழும்பியது. நான் சவர்க்காரம் போடவில்லை. கோப்பை நிறைந்து விளிம்பால் வழிந்தது. நிஸாம் முகத்துக்குப் போடும் பச்சைச் சவர்க்காரத்தின் வாசம் அந்த அறையில் வந்தது. ஜெஸீமா சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கும் பிடரி மயிர் நின்றது. ஆனால் அது என் தொழில். கடல் தண்ணீரில் சவர்க்காரம் கரையாது, கட்டியாகும். மயிர்க்கட்டின் அடியில் அது அப்படியே உறைந்து கிடந்திருக்கிறது.

"இது அண்டைக்கு அவன் அடிச்ச நுரையா?" என்றார் ஹாஜியார்.

"ஓம்."

"வழிச்சி முடிக்காத நுரை."

நான் நுரையை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே கறுப்பாக, எள்ளைவிடச் சின்னதாக முடித் துண்டுகள். கத்தியால் வெட்டிய தாடி முடி. அதை அவருக்குக் காட்டினேன்.

"பாருங்க ஹாஜியார். முதல் தரம் நுரை போடக்குள்ள பிரஷ்ஷுல வெட்டின முடி வராது. ஒருக்கா முழுசா வழிச்சிட்டு, ரெண்டாம் தரம் நுரை போட்டாத்தான் முகத்துல ஒட்டியிரிந்தது பிரஷ்ஷுக்கு வரும். பழைய முடியெண்டா அண்டண்டைக்குக் கழுவக்குள்ள போயிரிக்கும். நீங்க ஜன்னலால பாத்தது ரெண்டாம் நுரை. மத்தப் பக்கம் நுரை இல்லாம இரிந்தது, அவர் இன்னும் அங்க போடாததால. அவர் அரவாசி முகத்தோட போகல்ல. வழிச்சி முடிச்ச முகத்தோடதான் போயிரிக்கார். அவருக்குத் திரும்பி வாறதுக்கு இஞ்ச வேலை ஒண்டும் மிச்சமில்ல."

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையை நீட்டினார். நுரையை அவர் உள்ளங்கைக்கு மாற்றினேன். நுரை அடங்கி, முடி மட்டும் ரேகைகளில் ஒட்டி நின்றது.

"அவன்ல இவ்வளவுதானா கிடைச்ச?" என்றார்.

பிரஷ்ஷை இன்னொரு தரம் விரித்துப் பார்த்தேன், வேறு முடி இல்லை.

"மகள், வெள்ளைச் சீலை கொஞ்சம் கிழிச்சித் தாகா."

ஜெஸீமா எழுந்து போய்க் கிழித்துக்கொண்டு வந்தாள். கைக்குட்டை அளவு. அவர் முடியைத் துடைத்து அதில் வைத்து மடித்தார். அன்று அசர் தொழுகைக்குப் பிறகு மையவாடியில், அவருடைய மனைவிக்குப் பக்கத்தில், ஒரு சாண் குழி தோண்டி அதை வைத்தார். மண் போட்டது அவரும் நானும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எழுந்து நின்று, உடல் கிடைக்காத தன் மருமகனுக்குக் காயிப் ஜனாஸாத் தொழுகை தொழ வேண்டும் என்று ஜமாஅத்திடம் கேட்டார். கைம்பெண்ணுக்குரிய நாலு மாதமும் பத்து நாளும் ஜெஸீமா இத்தா இருந்தாள். இத்தா முடிந்து, பாலமுனை மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹ் சொல்லிக் கொடுத்தவர் ஹாஜியார்தான்.

தொழில் பழகுகிற பொடியன்மாருக்குச் சொல்கிறேன். அலுமாரியில் வைத்துப் பார்ப்பதற்கென்றால் எந்தப் பிரஷ்ஷும் வாங்குங்கள், என்னிடம் கேட்காதீர்கள். முகத்துக்கென்றால் நல்ல தண்ணீரில் போட்டு, அடி வரைக்கும் விரித்துப் பாருங்கள். கண்டதை, கேட்டவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நனைந்திருக்கிறது, பாவிக்கிற பிரஷ்தான் என்று சொல்லிவிட்டு வருவது எனக்கு லேசாக இருந்திருக்கும். பெரிய மனிதர், மனம் குளிர்ந்திருக்கும். அந்தப் பெண் நடுவிலேயே இருந்து கிழவியாகியிருப்பாள்.