செல்லப்பெயரின் சொந்தக்காரன்

முதல் முறை கூப்பிட்டால் ஹைக்கோ திரும்பமாட்டார். ஆட்டுக் குளம்பைச் சீவிக்கொண்டே இருப்பார். மறுபடி கூப்பிட்டால்தான் "என்ன?" என்று பதில் வரும். அந்தச் சின்ன ஜெர்மன் தீவில் எல்லோருக்கும் இது தெரியும். தபால்காரர்கூட அவர் வாசலில் இரண்டு தரம் குரல் கொடுப்பார். காதில் கோளாறு ஏதும் இல்லை. கரைமேட்டுக்கு அந்தப்புறம் குட்டி கத்தினால், யார் வீட்டுக் குட்டி என்று சொல்லிவிடுவார்.

"முதல் கூப்பாடு எனக்கில்ல, அவனுக்கு" என்பார்.

அவன் என்பது அண்ணன். ஞானஸ்நானப் பெயர் ஹைன்ரிஷ்; வீட்டில் ஹைக்கோ. கடல் வற்றிய நேரத்தில் சேற்றுவெளியில் சிப்பி பொறுக்கப் போன பிள்ளை, மூடுபனியில் திசை தப்பி, ஏறிவந்த நீரோடு போய்விட்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோனவனின் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது அந்தத் தீவின் வழக்கம். பெயராவது வீடு திரும்பட்டுமே என்றுதான். அப்படித்தான் அண்ணனின் செல்லப்பெயர் தம்பிக்கு முழுப்பெயர் ஆனது.

ஆனாலும் அவருடைய அம்மா சாகும்வரை, பனி இறங்கும் மாலைகளில் கரைமேட்டில் நின்று, கடலைப் பார்த்து "ஹைக்கோ!" என்று கத்துவாள். ஒருநாள் பக்கத்தில் நின்றிருந்த சின்னவன், "இங்கதாம்மா இருக்கேன்" என்றான். யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல் அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஹைன்ரிஷ் என்றால் பழைய ஜெர்மானியப் பேச்சில் வீட்டை ஆள்பவன் என்று பொருள். அதைக் கொஞ்சிக் கொஞ்சித் தேய்த்ததுதான் ஹைக்கோ. பாதிரியார் இதைச் சொன்ன அன்று மனைவி கெஷே விழுந்து விழுந்து சிரித்தாள். "வீட்டை ஆள்றவராமே! உப்பு டப்பா எங்க இருக்குன்னு கேளுங்க, பாப்போம்."

இந்த வசந்தத்தில் மகள் மாரென் கைக்குழந்தையோடு வந்தாள். ஞானஸ்நானம் தீவில்தான் என்றாள்.

"உங்க பேரைத்தாம்ப்பா வைக்கப் போறேன்."

"வேணாம்."

"உங்க பேரனுக்கு உங்க பேர் ஆகாதா?"

"அது என் பேரில்லடி. இரவல்."

"அறுபது வருஷமா யாரும் திருப்பிக் கேக்கலையே!"

ஹைக்கோ சிரிக்கவில்லை. கேட்கவில்லை என்று இவளுக்கு யார் சொன்னது? அம்மா போன பிறகும், பனி இறங்கினால் கடல் பக்கமிருந்து அந்தப் பெயர் ஒரே ஒரு முறை வருகிறது. அதுவும் பிள்ளைக் குரலில். கெஷேயிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. பதில் சொல்லாமல் இருக்க அவர் பழகிவிட்டார். அதற்குப் பதில் கொடுக்கக் கூடாது என்று இந்தப் பச்சைமண்ணுக்கு எப்படித் தெரியும்? நினைக்க நினைக்கப் பயம் அவரை அரித்தது.

வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். மகளும் அவர் ரத்தம்தானே, மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமை குழந்தையின் தலையில் நீர் விழுந்தது. ஹைக்கோ என்றே பெயர் வைத்தார்கள்.

தேவாலயத்திலிருந்து கரைமேட்டு வழியே வீடு திரும்பினார்கள். குழந்தை தாத்தாவின் கையில் இருந்தது. பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் போன தாயும் மகளும் கேக்குக்கு க்ரீம் காணுமா காணாதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

ஹைக்கோ சட்டென்று நின்றார்.

"என்னப்பா, மூச்சு வாங்குதா?" என்றாள் மாரென். அவளுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை.

குழந்தை கடல் பக்கம் தலையைத் திருப்பி, பொக்கை வாயைத் திறந்தது. ஹைக்கோ அதன் முகத்தை மார்போடு அழுத்திக்கொண்டு, வெளியே தெரிந்த காதை உள்ளங்கையால் பொத்தினார்.