வில்லுக்கு வைத்த பொட்டு

இந்த ஊரில் வாசனையே இல்லாத சோப்பைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். விஸ்கான்சினின் இந்தச் சின்ன ஊரில் புரட்டாசி பிறந்தால் போதும், கடை வாசலிலேயே அதை அடுக்கிவிடுவார்கள். வில்லெடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அதில்தான் குளிக்க வேண்டும், துணியும் அதில்தான் துவைக்க வேண்டும். மனித வாடை பட்டால் மான் அந்தப் பக்கமே தலைகாட்டாது. விக்கிரவாண்டியிலிருந்து என்னோடு சில மாதம் தங்க வந்திருந்த அம்மா, அந்தச் சோப்பை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். "இன்னாடி இது, மோந்து பாத்தா ஒண்ணுமே இல்ல. இத்தப் போட்டுக் குளிச்சா குளிச்ச மாதிரியா இருக்கும்?" என்றாள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

நான் வில்லெடுத்த கதையை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். விழுப்புரத்தில் கல்லூரி விடுதியில் ஒரு கரப்பான் பூச்சிக்குப் பயந்து கட்டில்மேல் ஏறி நின்றவள் நான். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனவர் பக்கத்து வீட்டு டேல். அவர் கொல்லையில் அம்பு எய்து பழகுவதை வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். ஒருநாள் அவர் வில்லை நீட்டினார், அன்றைக்கு அந்தப் பித்து என்னையும் தொற்றிக்கொண்டது. வருஷத்துக்கு ஒரு மான் அடித்தால் டேல் குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுக்கக் கறி. இந்தக் கோடையில் டேல் ஏணியிலிருந்து விழுந்து தோளில் அறுவை சிகிச்சை ஆயிற்று. நாணை இழுக்க முடியாது. வாய்விட்டுக் கேட்கிற ஆளும் இல்லை. நான்தான், "இந்த வருஷம் உங்கள் மான் என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "போவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் வில்லைப் பார். நாணைப் பார், குறியைப் பார், பலகையில் ஓர் அம்பு விட்டுப் பார். மான் ஒரே அடியில் போக வேண்டும். அரை உயிரோடு ஓடவிடக் கூடாது."

ஆயுத பூஜை வந்தது. எனக்கு அந்த நாள் என்றால் அப்பாவின் லாரிதான். டோல்கேட் பக்கத்துப் பம்புசெட்டில் நிறுத்தி, வண்டி பளபளவென்று ஆகும்வரை கழுவுவார். முகப்பில் வாழைக்கன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பிறகு அம்மாவின் ராஜ்ஜியம் தொடங்கும். ஸ்டீயரிங், ஜாக்கி, ஸ்பேனர், ஹாரன் என்று எதையும் விடமாட்டாள். எல்லாவற்றிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். பூஜைக்கு வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடக் கூடாது. எவ்வளவு பெரிய லோடு வந்தாலும் அப்பா அன்றைக்கு வண்டி எடுக்கமாட்டார். மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பக்கவாட்டுக் கண்ணாடியில் இருக்கும் சந்தனத்தைத் துண்டால் துடைப்பார். "அதுக்குள்ளயா அழிக்கிற? சாமி குத்தமாயிடப் போவுது" என்று அம்மா சண்டைக்குப் போவாள். "பின்னால வர்ற பஸ்ஸு எனக்குத் தெரியணுமேடி" என்பார் அப்பா. அப்பா போன பிறகு லாரியை விற்றுவிட்டோம். அந்தச் சண்டைக்கு இப்போதும் மனசு ஏங்குகிறது.

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் என் லேப்டாப், மிக்ஸி, நடுவில் என் வில். தலையிலிருந்து கால்வரை பொட்டு. "பொட்டு வெக்க இந்த வருஷம் ஒண்ணுமே இல்லையேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இது கெடச்சிது" என்றாள் அம்மா. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு பூரிப்பு. மறுநாள் விடியற்காலை வேட்டைக்குப் போக வேண்டும். வில்லைச் சோதித்திருக்க வேண்டும். ஆனால் பூஜையில் இருப்பதைத் தொடுவதா? கை போகவில்லை. இருட்டோடு எழுந்து, அப்படியே எடுத்துக்கொண்டு போய் மரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் மான் வந்தது. பக்கவாட்டில், கிட்டத்தில், இதைவிட நல்ல நிலை அமையாது. நாணை இழுத்துக் கண்ணருகே கொண்டுவந்தேன். ஒன்றும் தெரியவில்லை. நாணுக்கு நடுவில் பட்டாணி அளவில் ஒரு வளையம் உண்டு, பீப் சைட் என்பார்கள். அதன் துளை வழியாகத்தான் குறி பார்க்க வேண்டும். அம்மா அதையும் விட்டுவைக்கவில்லை. துளை நிறையச் சந்தனம், காய்ந்து கல்லாகிக் கிடந்தது. குத்துமதிப்பாக விட்டிருக்கலாம். வயிற்றில் வாங்கிக்கொண்டு எங்கோ ஒரு புதரில் அது நாள் முழுக்கத் துடித்திருக்கும். மெல்ல நாணைத் தளர்த்தினேன். அந்தச் சத்தத்துக்கே மான் பறந்துவிட்டது.

டேலிடம் வில்லைக் காட்டினேன். பூஜை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது. "எங்கள் சர்ச்சில் உடம்பு சரியில்லாதவர்களுக்குத்தான் ஜெபிப்போம். வில்லில் என்ன கோளாறு? என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஒற்றைக் கையால், ஓர் ஊசியை வைத்து, அந்தத் துளையைச் சுத்தம் செய்து கொடுத்தார். வேலியோரம் நின்ற அம்மாவுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. "என்னாலதான் போச்சா?" என்றாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு டம்ளரை இடம் மாற்றுவதற்குக்கூட என் முகத்தைப் பார்த்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மானுக்காக ஆரம்பித்து அம்மாவை விருந்தாளி ஆக்கிவிட்டேனோ என்று இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒன்றுவிடாமல் பார்த்தேன். நாணில் பிசிறு இல்லை, துளை சுத்தம், பலகையில் விட்ட அம்பு நடுவில் நின்றது. கிளம்பும்போது அம்மா சந்தனக் கிண்ணத்தோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"வெக்கலாமா? நீ காட்ற எடத்துல மட்டும் வெக்கறேன். வேணாம்னா வேணாம்."

பொட்டு வைக்க அவள் இதுவரை ஒருவரையும் கேட்டதில்லை. சாமியைக்கூடக் கேட்டதில்லை. வில்லில் வைக்கவிட எனக்குத் துணிச்சல் வரவில்லை. டேல் வீட்டுக் கறி அதில் இருக்கிறது. இடது கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினேன். "இங்க வைம்மா." அவள் வைத்தாள், குங்குமத்தையும் மறக்கவில்லை. வாடை மானுக்குத் தெரிந்தால் தெரியட்டும் என்று கையுறையை மேலே மாட்டிக்கொண்டு போனேன்.

மான் வந்தது. ஒரே அம்பு. நாலு எட்டு வைத்துப் படுத்துவிட்டது. மத்தியானம் டேல் வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய் இறக்கினோம். டேலின் மனைவி அழுதபடி என்னைக் கட்டிக்கொண்டாள். அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையுறைகளைக் கழற்றினேன். வெளிப்பக்கம் மானின் ரத்தம் உறைந்திருந்தது. இடது உள்ளங்கையில் வியர்வையில் கரைந்து சந்தனமும் குங்குமமும் ரேகையெல்லாம் ஓடியிருந்தன. டேல் குழாயைத் திறந்துவிட்டு, கையைக் கழுவிக்கொள் என்றார்.

வலது கையை மட்டும் நீட்டினேன்.