செலவுக்கு ஒயுனா சொன்ன இரண்டு சொல்

செவ்வாய்க்கிழமை காலை, கட்டில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் மேற்பார்வையாளர் வந்து டிரையரைத் தன் கையாலேயே நிறுத்தினார். அவர் அப்படிச் செய்து நான் ஒருநாளும் கண்டதில்லை. "ஒயுனா விடியற்காலை போய்விட்டார்" என்றார். முதல்நாள் பின்னேரம்வரை ஆஸ்பத்திரியில் ஒயுனாவின் கட்டிலருகே இருந்தவள் நான். கையில் இருந்த விரிப்பை மடித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மில்லிக்கனில் அந்த முதியோர் இல்லத்துச் சலவை அறையில் எங்களோடு வேலைசெய்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒயுனா மங்கோலியப் பெண். என்னைவிட மூன்று வயது மூத்தவர். பதினாறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவருக்கும் எனக்கும் ஆங்கிலம் அரைகுறை. ஆகவே ஆளுக்கு ஆள் சொந்தச் சொற்களைக் கொடுத்து வாங்கினோம். வணக்கம், நன்றி என்றெல்லாம் தொடங்கவில்லை. கடைகளின் மலிவு விற்பனைத் தாள்கள் மேசையில் கிடக்கும். அவற்றைப் பார்த்துக் காசில்தான் தொடங்கினோம்.

மங்கோலியத்தில் காசு 'மொங்க்'. செலவுக்கு இரண்டு சொல் இருக்கிறது என்றார். தேவைக்குச் செலவழித்தால் 'ஸார்ச்சூலக்'. வீணாக்கினால் 'உரெக்'. ஒருவரைப் பார்த்து "வீணாக்காதே" என்று சொல்லும்போது அது குறுகி 'பித்கீ உர்' என்று வரும்; 'பித்கீ' என்றால் கூடாது. தமிழில் என்ன என்று கேட்டார். 'செலவழிக்கிறது' என்றேன். அதற்குள் இருக்கிற 'அழி' என்ன என்றார். நாசமாக்குவது என்றேன். "அப்படியானால் உங்களுக்கு எல்லாச் செலவும் நாசம்தானா?" என்று மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அன்றைக்கே ஒரு துண்டுத் தாளில் அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆட்கள் அவரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதையும் மறைக்கப் போவதில்லை. "உவ எச்சில் கையாலயும் காகம் துரத்தமாட்டா" என்று எங்களோடு வேலைசெய்த வாசுகி சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒயுனா ஒரே குளிர் அங்கியைப் பதினொரு பனிக்காலம் போட்டார் என்பது உண்மை. வாசுகியின் தாய் இறந்தபோது விமானச் சீட்டுக்குக் கேட்காமலே உதவியவரும் அவர்தான் என்பதும் உண்மை. அது 'ஸார்ச்சூலக்' என்று என்னிடம் சொன்னார். வாசுகி அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது நான் சொல்கிறேன், கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.

என் மகள் பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்தியவீட்டுக்கு அவரை அழைத்திருந்தேன். மண்டபம், பல்லக்கு, புகை கக்கும் இயந்திரம், வாசலில் பெரிய கார் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. பெருமை தாங்காமல், "இது எந்தச் சொல்?" என்று கேட்டேன். சுற்றிவரப் பார்த்துவிட்டு, "ஸார்ச்சூலக்" என்றார். அடுத்தநாள் மதியச் சாப்பாட்டின்போது என் பக்கம் குனிந்து, "நேற்று பொய் சொல்லிவிட்டேன்" என்றார்.

ஆனால் பெற்ற மகளுக்கு அவர் அப்படி ஒரு பொய் சொல்லவில்லை. ஒரே மகள் நாரா விட்பியில் புதுவீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில், "பித்கீ உர்" என்று கத்திவிட்டார். நாரா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாளாம், தாய் வெளியே போகட்டும் என்று. இரண்டு வருடம் பேச்சில்லை. நான் சமாதானம் பேசப்போனால், "அவள் வீடு, அவள் காசு" என்று வாயை மூடிவிடுவார். மகளின் தொலைபேசி எண் மட்டும் என்னிடம் இருந்தது. ஏதும் நடந்தால் என்று அவரே தந்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவர் கண்ணைத் திறக்கவில்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. "உர் மின்... உர் மின்..." தாதி எங்கள் தமிழ்ப் பிள்ளை. இங்கே பிறந்தவள் என்றாலும் தமிழ் நன்றாகப் பேசினாள்.

"அன்ரி, அவ என்ன சொல்லுறா? ஆரையும் கோல் பண்ணட்டே?"

"ஒண்டும் வேண்டாம் பிள்ளை. காசை வீணாக்காதேங்கோ எண்டுறா. அது அவவின்ர பழக்கம்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒயுனாவின் காதருகே குனிந்து, "ஒருத்தரும் வீணாக்கேல்லை, நீங்கள் படுங்கோ" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் தலையை இல்லை என்பதுபோல அசைத்தார். மறுபடியும் அதையே சொன்னார். எனக்கு அலுப்பாகக்கூட இருந்தது. ஐந்து மணிக்கு, "போயிட்டு வாறன்" என்று எழும்பினேன்.

இறுதிச்சடங்கில் நாங்கள் வைத்த மலர்வளையம் கதவுக்குள் நுழையாத அளவு பெரியது. அவருடைய பழைய குளிர் அங்கியைப் பற்றிச் சிரித்தவர்களெல்லாம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். நாரா என்னிடம் வந்து, அம்மா கடைசியாக என்ன சொன்னார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்கு மங்கோலியம் தெரியும் என்ற மிதப்பில் நான் சொன்னேன்: "கடைசிவரைக்கும் வீணாக்காதே என்றுதான் சொன்னார். உர் மின், உர் மின் என்று."

'பித்கீ' என்று சொன்னாரா என்று நாரா கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். இல்லை, அதைச் சொல்லவில்லை. "ஆன்ட்டி, உர் என்றால் பிள்ளை என்றும் அர்த்தம். உர் மின் என்றால் என் பிள்ளை" என்றாள். எத்தனை மணிக்கு அப்படிச் சொன்னார் என்றும் கேட்டாள். மூன்று மணியிலிருந்து என்றேன். விட்பியிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு அரை மணித்தியாலக் கார் ஓட்டம். அவள் என்னை ஏசியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வயது போனவர்கள் பிதற்றுவது சகஜம், மனதைப் போட்டு உழப்பாதே என்று பலர் சொல்கிறார்கள். தயவுசெய்து அந்த ஆறுதலை எனக்குச் சொல்ல வேண்டாம். அவர் பிதற்றவில்லை. ஒரே ஒரு சொல்லைத் தெளிவாகச் சொன்னார். அதை விளங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.

ஒயுனாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் துண்டுத் தாள்தான். காசு, தேவைக்குச் செலவழி, வீணாக்கு, மலிவு, விலை அதிகம் என்று இருபது சொற்கள் அதில் இருக்கின்றன. பதினாறு வருடத்தில் ஒரு பின்னேரமாவது, பிள்ளைக்கு உங்கள் மொழியில் என்ன சொல் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அந்தத் தாதியைக்கூட நான் பிள்ளை என்றுதான் கூப்பிட்டேன்.