காருக்கடியில் ஒரு பென்குயின்

கேப் டவுனுக்கு வெளியே, பென்குயின்கள் வாழும் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவோரம் நிற்கிறோம். இன்று மாலை லண்டனுக்குத் திரும்ப விமானம். என் அண்ணை வாடகைக் காரை எடுக்கப் போகும்போது, மஞ்சள் மேற்சட்டை போட்ட காவல்காரப் பெண் ஓடிவந்து தடுக்கிறார்.

"முதலில் அடியில் பாருங்கள்."

குனிகிறோம். முன்சக்கரத்தோடு ஒட்டி, நிழலில், ஒரு பென்குயின் சொகுசாகப் படுத்திருக்கிறது.

அண்ணை லண்டன் குரோய்டனில் பஸ் ஓட்டுபவர். ஒரு நிமிடம் பிந்தினாலும் பொறுக்காது அவருக்கு. கையை உள்ளே நீட்டுகிறார்.

"கடித்துவிடும்! அதுவாக வரும்வரை பொறுக்கத்தான் வேண்டும்" என்கிறார் அந்தப் பெண்.

அண்ணை புது ஜீன்ஸோடு தெருவில் குப்புறப் படுக்கிறார். "ராசா, வெளியில வா. எங்களுக்குப் பிளைட் இருக்கு."

பென்குயின் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. அசையவில்லை.

"என்ன மொழி?" என்று கேட்கிறார் அந்தப் பெண்.

"தமிழ்" என்கிறேன்.

"இவன் இந்த ஊர்ப் பிள்ளை." அவரும் குனிந்து, நாக்கைச் சொடுக்கித் தன் மொழியில் ஏதோ கெஞ்சுகிறார். அதற்கும் அசைவில்லை. மூவரும் சிரிக்கிறோம்.

அப்போது எதிர்ப்பக்கப் பற்றைப் புதருக்குள் கழுதை கத்துவதுபோல் ஒரு குரல்.

"இவன் மனைவி கூப்பிடுகிறாள்" என்கிறார் அந்தப் பெண்.

பென்குயின் உடனே எழுந்து, தள்ளாடித் தள்ளாடித் தெருவில் இறங்குகிறது.

"அண்ணை, ஏறுங்கோ, போவம்!"

அவர் ஏறவில்லை. நடுத்தெருவில் நின்று, இரண்டு கைகளையும் விரித்து வாகனங்களை மறிக்கிறார். ஒரு கார் ஹார்ன் அடிக்கிறது.

"பொறுங்கோவன்!" என்று தமிழிலேயே கத்துகிறார் அண்ணை. "ஆள் வீட்டை போகுது!"