எதிர்க்கரைக்காரி

கடாவு தீவில் ஓர் ஊர்ப் பெண்கள் குன்றின்மேல் நின்று பாடினால் கடலாமைகள் மேலே வரும். அவை கடலோடு போன ஒரு தாயும் மகளும் என்பார்கள். ஆனால் எதிர்க்கரை ஊரார் ஒருவர் அங்கே நின்றாலும் ஆமை வராது. உனாய்சி எதிர்க்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பாட்டு நாளில் கதவைச் சாத்திக்கொண்டு மரவள்ளி சீவுவாள். அப்படியும் ஆமை வராவிட்டால், "ஜன்னல் வழியா எட்டிப் பாத்தீங்களா அண்ணி?" என்று நாத்தனார் குத்துவாள்.

உனாய்சியின் மகள் வசிதி மீன் பிடிக்கப் போய்க் கடலோடு போனாள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்த பாட்டு நாளில் நாத்தனாரே வந்து கையைப் பிடித்தாள். "வாங்க அண்ணி. நீங்க கூப்பிட்டா வசிதி வருவா."

உனாய்சி கையை உதறினாள். "நான் நின்னா வராதுன்னு சொன்னது நீங்கதானே? நீங்களே போய்க் கூப்பிடுங்க. அவ வந்தா, அம்மா உள்ளதான் இருக்கான்னு சொல்லுங்க."

கதவைச் சாத்தினாள்.